பத்தரை மணிப் பொட்டு

ஜனவரி 12

அன்புத் தம்பி சோடாபுட்டிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே நீயும் அம்மாவும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அவள் முழங்கால் வலி தேவலையா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்காதே. நான் "ஹலோ" என்றதும் அம்மா உன்னிடம் "ஸ்பீக்கர்ல போடு" என்பாள். அப்புறம் சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, ஏன் அதைச் சாப்பிட்ட என்று அரை மணி ஓடும். நீ ஒரு மூலையில் இருமிக்கொண்டிருப்பாய், அவ்வளவுதான். நமக்குள் பேச வேண்டியதைக் காகிதத்தில்தான் பேசியாக வேண்டும்.

உனக்கு மானிட்டர் அனுப்பிவிட்டேன். இருபத்தேழு இன்ச், நாலு கே. எங்கள் கம்பெனியின் மலிவு ரகம்தான், ஆனால் மட்டம் என்று நினைத்துவிடாதே. எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள். குடிநீர் வாரியத்தின் அந்த மங்கிப்போன பழைய வரைபடங்களை எல்லாம் நீ கண்ணை இடுக்கிக்கொண்டு பழைய ஸ்கிரீனில் நகல் எடுப்பதாக அம்மா சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நம் வீட்டில் கண்ணை வைத்து விளையாட யாருக்கும் உரிமை கிடையாது.

இங்கே கடைசிச் சோதனை மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். பெட்டிக்குள் போகும் முன் ஒவ்வொரு மானிட்டரும் என் முன்னால் வந்து நிற்கும். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று நிறங்கள் மாறும். ஒரு புள்ளி செத்திருந்தாலும் பிடித்துவிடுவேன். ஒரு செட்டுக்கு நான்கு நிமிடம். பெரிய ஸ்கிரீன் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும், மற்றவர்களுக்குச் சின்னது. இங்கே எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உன் பெயரைவிடப் பரவாயில்லை.

உன்னுடையதை நான்கு நிமிடம் இல்லை, இருபது நிமிடம் பார்த்தேன். லைன் இன்சார்ஜ் முறைத்தார். முறைக்கட்டும். பின்பக்கம் திருப்பிப் பார், பச்சை ஸ்டிக்கரில் பதினேழு என்று போட்டிருக்கும். அது நான்தான்.

வந்து சேர்ந்ததும் எழுது. இரவு விழித்து வேலை செய்யாதே. அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சௌக்கியம். முழங்கால் வெயில் வந்தால் சரியாகிவிடும் என்கிறாள், போன வருஷம் மழை வந்தால் சரியாகும் என்றாள். உன் ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? இதைக் கேட்கச் சொன்னது யார் என்று உனக்கே தெரியும்.

மானிட்டர் பத்திரமாக வந்து சேர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, அசத்திவிட்டாய். முதல் வரைபடத்தைத் திறந்ததும் வாய்விட்டு "அடேங்கப்பா" என்றேன். இதுவரை ஏதோ ஈ உட்கார்ந்த இடம் என்று நினைத்ததெல்லாம் வால்வுகளாம். தெருவுக்கடியில் குழாய் எங்கே திரும்புகிறது, எந்த முனையில் வால்வு இருக்கிறது என்று கடுகளவு புள்ளிகளாகத்தான் அந்தக் காலத்து ஆள் மையில் வைத்திருக்கிறார். இப்போது ஒவ்வொரு கடுகும் தனித்தனியாகத் தெரிகிறது.

அம்மா வந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்தாள். "இவ்வளவு பெருசு எதுக்கு, கல்யாண மண்டபமா?" என்றாள். ஆனால் அதற்கென்று தனியாக ஒரு மெத்துத் துணி எடுத்து வைத்திருக்கிறாள். காலையில் நான் எழுவதற்குள் துடைத்துவிடுகிறாள். உன் பதினேழையும் தடவிப் பார்த்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அந்த ஏசி அறையில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்காராதே.

உன் தம்பி


பிப்ரவரி 10

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். உங்கள் நலமும் அறிய ஆவல். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அம்மாவிடம் சொல்.

நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். இங்கே சிரிக்கக் கொஞ்சம் பஞ்சமாக இருக்கிறது, அதனால் நல்ல சமயத்தில் வந்தது.

ஒன்றுமில்லை, வேலை விஷயம்தான். விற்ற மானிட்டர்களில் சில திரும்பி வருகின்றன. இங்கே வருவதில்லை, வேறு ஊரில் சர்வீஸ் சென்டருக்குப் போகும். எங்களுக்கு அங்கிருந்து ஒரு பட்டியலும் போட்டோவும் மட்டும் வரும். எல்லாவற்றிலும் ஒரே குறை. இடது கீழ் மூலையில் கறுப்பாக ஒரு புள்ளி, கடுகளவு. போட்டோவில் பளிச்சென்று தெரிகிறது. பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் பதினேழு, பதினேழு, பதினேழு. இன்சார்ஜ் போட்டோவை என் மேசையில் வைத்துவிட்டு, "போட்டோவுல இவ்வளவு தெளிவா தெரியுது, உங்க கண்ணுக்கு மட்டும் தெரியலையாம்மா?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

நீ ஒரு வேலை செய். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, இடது கீழ் மூலையை நன்றாகப் பார். சோடாபுட்டியைத் துடைத்துக்கொண்டு பார். உன்னுடையது எப்படி இருக்கிறது என்று எழுது. உடனே எழுது.

அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். ஆபீஸில் ஒரு சின்னக் குளறுபடி. என் தப்புதான், சரியாகிவிட்டது, எழுதும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

மானிட்டர் பற்றிக் கேட்டிருந்தாய். அது பளிங்கு போல இருக்கிறது அக்கா. ஒரு குறையும் இல்லை. மூலை, நடு, மேலே, கீழே எல்லாம் பார்த்தேன். நிறம் அருமை. எழுத்து அருமை. தாங்கி நிற்கும் கால்கூட அருமை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு எங்கே வாங்கினாய் என்று கேட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

உன் எழுத்து கடிதத்துக்குக் கடிதம் பெரிதாகிக்கொண்டே போகிறதே, ஏன்? ஜனவரியில் ஒரு தாளில் எழுதியது இப்போது மூன்று தாளாகிறது. தபால்காரர் பாவம்.

அம்மா நன்றாக இருக்கிறாள். வெயில் வந்துவிட்டது, முழங்கால் சரியாகவில்லை. இப்போது மழை வரட்டும் என்கிறாள்.

மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

உன் தம்பி


மார்ச் 20

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு நான் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்தத் தடவை முதல் பாதியை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமா?

எழுத்து ஏன் பெரிதாகிறது என்று கேட்டாய். பேனா மாற்றிவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? சின்னதாக எழுதினால் எனக்கே படிக்க முடியவில்லைடா. மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்து தெரியவில்லை. கையை நீட்டி, தூரத்தில் பிடித்துப் பார்க்கிறேன், அப்போதும் எறும்பு ஊர்வதுதான் தெரிகிறது. அப்பாவுக்கு நாற்பத்திரண்டில் ஆரம்பித்தது. எனக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. அப்பா கடைசி எட்டு வருஷம் சுவரைத் தடவித் தடவி நடந்தது உனக்கு நினைவிருக்கும். நீ அப்போது சின்னவன், அவர் கையைப் பிடித்து வாசல் வரை கூட்டிப் போவதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தாய்.

பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இன்சார்ஜ் ஒரு தாள் கொடுத்தார். ஏப்ரல் முடியும் வரை அவகாசம். அதற்குள் பட்டியலில் பதினேழு குறையாவிட்டால் மேசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். பேக்கிங்கில் போட இடமில்லையாம், வீட்டுக்குத்தான். சோதனை மேசையில் உட்கார்ந்தவளுக்குக் கண் சரியில்லை என்று எழுதி அனுப்பினால் வேறு எந்தக் கம்பெனி எடுக்கும்? அதுகூடப் பரவாயில்லை. கண்ணே போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

கண் டாக்டரிடம் போகச் சொல்லி என் அறைத்தோழி, பேக்கிங் பிரிவுக்காரி, தினம் கழுத்தை அறுக்கிறாள். போகவில்லை. அவர் வாயால் கேட்கும் வரைக்கும் அது இல்லை என்று ஒரு எண்ணம். முட்டாள்தனம்தான், தெரியும்.

என்னைத் தாங்கிப் பிடிப்பது ஒன்றே ஒன்று. நீ எழுதியிருக்கிறாய், உன் ஸ்கிரீனில் ஒரு குறையும் இல்லை என்று. அதை நான்தானே பார்த்து அனுப்பினேன்? அது சரியாக இருந்தால் என் கண்ணும் சரியாகத்தான் இருக்கிறது. அந்த வரியைத் தினம் ஒரு தடவை படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவள் தாங்கமாட்டாள்.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம்.

ஸ்கிரீன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நீ கண் டாக்டரைப் பார்த்துவிடு. தயவுசெய்து. நாளைக்கே போ. லீவு தராவிட்டால் வேலை கிடக்கட்டும், வந்துவிடு. நான் இருக்கிறேன். உன்னை உட்கார வைத்துச் சோறு போட எனக்குத் தெம்பு இருக்கிறது.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஏப்ரல் 6

என் கண்ணு மூத்தவளுக்கு அம்மா எழுதுறது,

நல்லா இருக்கியா? எனக்கு முழங்கால் தவிர எல்லாம் சௌக்கியம். நான் கடுதாசி எழுதி எத்தனை வருஷம் ஆச்சு, கை நடுங்குது, பொறுத்துப் படி.

நீங்க ரெண்டு பேரும் எனக்குத் தெரியாம எழுதிக்கறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? தபால்காரர் கடுதாசியை யார் கையில குடுக்கறாரு? நான் பிரிக்கறதில்ல. அந்த அளவுக்கு நான் மட்டமில்ல. ஆனா உன் போன கடுதாசி வந்த நாள்லேருந்து உன் தம்பி சரியா சாப்பிடலை. தட்டுல கோலம் போட்டுட்டு எழுந்து போறான். என்னடான்னா ஒண்ணுமில்லங்கறான். முந்தாநேத்து பதில் போட்டுட்டு வந்தவன் சுவத்தைப் பாத்துப் படுத்துட்டான். எனக்கு வேற வழி தெரியலை. அதான் எழுதறேன்.

நீ அனுப்பின டப்பாவுல ஒரு பொட்டு வந்திருக்குடி. இடது பக்கம் கீழ, கறுப்பா. வந்து ரெண்டு மாசம் இருக்கும். "அக்காகிட்ட போன்ல சொல்லித் தொலைக்காதம்மா, அவ ஆசையா அனுப்பினது, மனசு உடைஞ்சு போயிடுவா"ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். போன்ல சொல்லாதேன்னுதான் சொன்னான். கடுதாசியில சொல்லாதேன்னு சொல்லலை.

அந்தப் பொட்டால இவன் பட்ட அவமானம் கொஞ்சமா? அதைப் படத்துல இருக்கற வால்வுன்னு நெனச்சு வால்வு வரைஞ்சு நம்பர் போட்டுக் குடுத்துட்டான். வாரியத்து ஆளுங்க வந்து சலூன் வாசல்ல ஆளுயரத்துக்குத் தோண்டிட்டாங்க. அங்க வால்வும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. சலூனுக்குப் பலகை போட்டுத்தான் ஆளுங்க போய் வந்தாங்க, ஒரு வாரம். சலூன்காரர் இவனைக் கண்டா கத்தியைத் தீட்டற மாதிரி பாக்கறாரு. இவன் முடி வெட்டிக்க அடுத்த தெருவுக்குப் போறான்.

அதுக்கப்புறம் அந்தப் பொட்டு மேல ஒரு சின்னக் காகிதத்தை வெட்டி ஒட்டிட்டான், மறுபடி ஏமாறக் கூடாதுன்னு. நான் தினம் காலைல அந்தக் காகிதத்தை மெல்லப் பிரிச்சு, துணியை லேசா நனைச்சுத் துடைச்சு விடறேன். பொட்டு சுத்தமா போயிடுது. காகிதத்தைத் திரும்ப ஒட்டிடறேன், அவனுக்குத் தெரியாது. எட்டு மணிக்கு அவன் டப்பாவைப் போட்டுட்டு முதல் டீ குடிக்க வருவான், அதுக்குள்ள ஒரு தடவை காகிதத்தைத் தூக்கிப் பாப்பேன். அப்பவும் இருக்காது. ரெண்டாவது டீ கொண்டுபோய் வைக்கறப்போ, பத்தரை மணி இருக்கும், அவன் முகம் கழுவப் போவான், நான் காகிதத்தைத் தூக்கிப் பாப்பேன். சனியன் வந்து உக்காந்திருக்கும். மறுநாள் துடைச்சா போயிடும். மறுபடி பத்தரைக்கு வந்துடும். எவ்வளவு அழுத்தித் துடைக்கறதுன்னு தெரியலை. உங்க கம்பெனியில இதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?

அவன் மேல கோவப்படாத. உன் மேல உசிரு அவனுக்கு. நீ நல்லா சாப்பிடு. இளைச்சுப் போய் வந்து நிக்காத.

உன் அம்மா


ஏப்ரல் 16

அன்பு அம்மாவுக்கும், அந்தப் பொய்யனுக்கும்,

நான் நலம்! நான் நலம்! இரண்டு தடவை எழுதிவிட்டேன், போன தடவை விட்டதற்கும் சேர்த்து. இந்தக் கடிதத்தை இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். வேண்டுமானால் ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா, உன் கடிதத்தைக் கேன்டீனில் வைத்துப் பிரித்தேன். "பொட்டு வந்திருக்குடி" என்ற இடத்தோடு நிறுத்திவிட்டேன். கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் இருபது நிமிடம் பார்த்து அனுப்பியதிலேயே புள்ளி இருந்திருக்கிறது, அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. இனி சந்தேகமே இல்லை, அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். அன்று மேசையில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்காதீர்கள்.

சாயங்காலம் அறைத்தோழிதான், "மீதியையும் படி, அம்மா நடுங்கின கையால எழுதியிருக்காங்க" என்று திட்டினாள். கையெழுத்து பூச்சியாக இருந்ததால் அவளையே படிக்கச் சொன்னேன். காலையில் இல்லை, எட்டு மணிக்கு இல்லை, பத்தரைக்கு வருகிறது. அவள் படித்துக்கொண்டே போகிறாள், நான் "நில்லு நில்லு, அந்த வரியைத் திரும்பப் படி" என்று கத்தினேன். பயந்துபோய்விட்டாள்.

அம்மா, நீ துடைத்ததால் அது போகவில்லை. ராத்திரி முழுக்க மானிட்டர் அணைந்து கிடந்து ஆறியிருக்கிறது, அதனால் போயிருக்கிறது. எட்டு மணிக்குப் போட்டு, இரண்டரை மணி நேரம் ஓடிச் சூடேறினால் வருகிறது. நான் பார்ப்பதோ ஏசி அறையில், பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்து வரும் செட்டை, நான்கு நிமிடம். இருபது நிமிடம் பார்த்தாலும் அது எப்படி வரும்?

மறுநாள் இன்சார்ஜிடம் போய் நின்றேன். "சார், கிடங்குல நான் பாஸ் பண்ணின செட்டுல ஆறு எடுத்துத் தாங்க. ஏசி இல்லாத இடத்துல மூணு மணி நேரம் ஓடட்டும்" என்றேன். "எதுக்கும்மா நேரத்தை வீணாக்கறீங்க?" என்றார். "எனக்கு இந்த மாசம்தானே சார் இருக்கு, வீணானா என் நேரம்தானே" என்றேன். எனக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ.

நடைபாதையில் வரிசையாக ஆறையும் வைத்து எட்டு மணிக்குப் போட்டேன். ஒன்பது, ஒன்றுமில்லை. பத்து, ஒன்றுமில்லை. பத்து இருபதுக்கு மூன்றாவது செட்டின் மூலையில் லேசாக ஒரு நிழல். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. அடுத்த கால்மணியில் ஐந்தாவது. நான் பார்த்தேன் அம்மா! என் கண்ணால், யாரும் காட்டாமல், நானே பார்த்தேன்!

இன்சார்ஜைக் கூப்பிட்டேன். வந்து குனிந்து பார்த்தார். பத்து மணிக்கும் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனவர்தான். அப்புறம், "இது பத்து மணிக்கு இல்லையே?" என்றார். "இல்லை சார். பத்தரைக்கு வரும்னு எங்க அம்மா எழுதியிருந்தாங்க" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றினார். மூலைத் திருகாணி ஒன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று டிசம்பரில் வேறு இடத்திலிருந்து வாங்கியிருக்கிறார்கள். பெரிய ஸ்கிரீனுக்கு மட்டும் அது. அதில் சில, இருக்க வேண்டியதைவிட நகக்கண் அளவு கூடுதல் நீளம். குளிரில் ஒன்றும் செய்யாது, சூட்டில் தகடு உப்பினால் அதன் முனை உள்ளே போய் முட்டும். பெரிய ஸ்கிரீன் எல்லாம் என் மேசைக்கு வருவதால் எல்லாவற்றிலும் பதினேழு. இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே!

சாயங்காலம் இன்சார்ஜ் வந்தார். எனக்குக் கொடுத்த தாளின் நகலை என் முன்னாலேயே கிழித்தார். "பதினேழு அங்கேயே இருக்கட்டும்" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் போகும்போது, "உங்க அம்மா என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார்.

அக்கா

பி.கு. பொய்யா, உனக்குத் தனியாக இருக்கிறது. சலூன் வாசலா? ஆளுயரத்துக்கா?


ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நிஜமாகவே நலம்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் உரக்கப் படித்தேன். "நானே பார்த்தேன்" என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. அம்மா தாளைப் பிடுங்கி மீதியை அவளே எழுத்துக் கூட்டிப் படித்தாள். அன்று ராத்திரி நான் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதாக அம்மா எழுதச் சொல்கிறாள்.

என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. முதலில் நீ ஆசையாக அனுப்பியது என்று சொல்லவில்லை. அப்புறம் என் ஸ்கிரீன்தான் உன்னைத் தாங்குகிறது என்று நீ எழுதினாய், அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? உன் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டே, ஸ்கிரீன் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். தபால்பெட்டியில் போட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. பொட்டு மேல் காகிதம் ஒட்டாமல் இருந்திருந்தால் காலையில் அது இல்லை என்று எனக்கே தெரிந்திருக்கும். மூடி வைத்தால் தொல்லை ஒழியும் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

காகிதத்தைக் கிழித்துவிட்டேன். முடித்துக் கொடுத்த வரைபடங்களை எல்லாம் காலை வேளையில், ஸ்கிரீன் சூடேறும் முன் திரும்பப் பார்த்தேன். இல்லாத வால்வு இன்னும் இரண்டு. ஒன்று பள்ளிக்கூட வாசலில், ஒன்று போலீஸ் ஸ்டேஷன் வாசலில். தோண்டும் முன் அழித்தேன், தப்பித்தேன்.

சலூன்காரரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு கதை இருக்கா? உக்காருங்க" என்று நாற்காலியைத் தட்டினார். காதை விட்டுவைத்திருக்கிறார்.

இனி பொய் எழுதமாட்டேன். நீயும் ஒன்று செய். எழுத்து பெரிதாக இருப்பது இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்குத் திருகாணி காரணமில்லை. டாக்டரிடம் போ.

உன் தம்பி


மே 18

அன்புத் தம்பிக்கு,

நலமா? அம்மா நலமா? நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன், அவசரப்படாதே.

போய்விட்டேன். அறைத்தோழி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அப்பாவைப் பற்றி எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, காற்றடித்து அழுத்தம் பார்த்து, பொத்தானை அமுக்கச் சொல்லி ஒரு சோதனை வைத்தார். அதுவும் புள்ளி பிடிக்கிற சோதனைதான், ஒரு பெட்டிக்குள் மினுக் மினுக்கென்று வரும். என் தொழிலாயிற்றே, ஒன்றையும் விடவில்லை. கடைசியில், "நரம்பு நல்லா இருக்கு, அழுத்தம் நல்லா இருக்கு. அப்பாவுக்கு இருந்ததால வருஷம் ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க. இப்ப இருக்கறது வெறும் வெள்ளெழுத்து" என்றார். "அப்படின்னா?" என்றேன். "அப்படின்னா வயசாகுதும்மா" என்றார்.

வயசாகிறது என்று ஒருத்தர் சொல்லி இவ்வளவு சந்தோஷப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே வந்து அறைத்தோழியைக் கட்டிக்கொண்டேன். மருந்து விட்ட கண்ணில் வெயில் கூசியது, தண்ணீராகக் கொட்டியது. எது மருந்து, எது அழுகை என்று தெரியவில்லை.

கண்ணாடி வந்துவிட்டது. படிக்க மட்டும். இந்தக் கடிதத்தின் எழுத்தைப் பார்த்தாயா? தபால்காரரிடம் சொல், இனி ஒரே தாள்தான்.

இங்கே இப்போது ஒவ்வொரு தொகுதியிலும் பத்து செட்டை எடுத்து மூன்று மணி நேரம் சூட்டில் ஓடவிட்டுத்தான் பாஸ் செய்கிறோம். தாளில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் லைனில் எல்லோரும் "அம்மா டெஸ்ட்" என்றுதான் சொல்கிறார்கள். "அம்மா டெஸ்ட் ஆச்சா?" என்று இன்சார்ஜே கேட்கிறார்.

உனக்குப் புது மானிட்டர் வருகிறது. அம்மா டெஸ்ட் முடிந்தது, நானே முழுதாக மூன்று மணி நேரம் எதிரில் உட்கார்ந்திருந்தேன். பழையதைக் கம்பெனி ஆள் வந்து எடுத்துக்கொள்வார். அந்தப் பச்சை ஸ்டிக்கரை மட்டும் உரித்து வைத்துக்கொள். அம்மாவுக்குப் பிடிக்கும்.

அக்கா


ஜூன் 2

என் கண்ணு மூத்தவளுக்கு,

நல்லா இருக்கியா? மழை வந்துடுச்சு, முழங்கால் அப்படியேதான் இருக்கு. புது டப்பா வந்துடுச்சு. உன் எழுத்து முத்து முத்தா இருக்குன்னு தம்பி காட்டினான்.

ஒண்ணு சொல்லணும்டி. இவன்கிட்டகூட நான் சொன்னதில்ல.

அப்பாவுக்கு மங்க ஆரம்பிச்சப்போ, "கண்ணாடியில என்னமோ கறை இருக்கு, துடைச்சுக் குடு"ன்னுதான் கேட்டார். நானும் துடைச்சுக் குடுத்தேன். தினம் காலைல. ஆறு மாசம். "இன்னும் போகலையே"ம்பார், நான் இன்னும் அழுத்தித் துடைப்பேன். டாக்டர்கிட்ட போகலாம்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணலை. கடைசியில போனப்போ, முன்னாடியே வந்திருந்தா பாதியாவது காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அதை அப்பாகிட்ட நான் சொல்லவேயில்ல. உங்ககிட்டயும் சொல்லலை.

இவன் டப்பாவுல பொட்டு இருக்குன்னு சொன்னதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. டப்பாவுலயா, இவன் கண்ணுலயான்னு. அதான் தினம் காகிதத்தைத் தூக்கித் தூக்கிப் பாத்தேன். என் கண்ணுக்கும் தெரிஞ்சா அவன் கண்ணுல ஒண்ணுமில்லன்னு அர்த்தம். பத்தரைக்குப் பாத்து, இருக்குன்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு மூச்சு வரும். துடைக்கறதை மட்டும் கை விடலை, பழகின கை.

உன் கண்ணைப் பத்தி நீ பயந்ததெல்லாம் உன் கடுதாசியைப் படிச்சப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா செத்திருப்பேன். இந்தத் தடவை கறை கண்ணாடியிலதான் இருந்துச்சு. என் பிள்ளைங்க ரெண்டு பேர் கண்ணுலயும் இல்ல. எனக்கு அது போதும்டி.

புது டப்பாவையும் காலைல துடைக்கறேன். பத்தரைக்கு டீயோட போய் மூலையைப் பாக்கறேன். ஒண்ணும் இல்ல. அவன், "என்னம்மா தேடற?"ங்கறான். சும்மாதான்னுட்டு அடுப்படிக்கு வந்துடறேன்.

உன் புதுக் கண்ணாடியைத் தினம் துடைச்சுப் போட்டுக்கோ. மங்கலாத் தெரிஞ்சா ஒரு தடவை துடை. அப்புறமும் போகலைன்னா துடைச்சுக்கிட்டே நிக்காத, அன்னிக்கே டாக்டர்கிட்ட போ.

உன் அம்மா